சுவிட்ச் மாப்பிள்ளை

சித்த நகந்துக்கங்க தம்பி. இந்தப் பையை மேல வைக்க முடியாதுங்க, பூஜைச் சாமானெல்லாம் இருக்குது. பொரி நசுங்கிப் போயிரும். ஆங், போதும் போதும். ஓசூருங்களா? நானும் ஓசூருதானுங்க. ஈரோட்டுல இருந்து நின்னுக்கிட்டே வந்தேன், இந்தச் சேலத்துலதான் எடங் கெடச்சுது. நாளைக்கு ஆயுத பூஜையாச்சே, ஊரே பஸ்ஸுல ஏறி உக்காந்திருக்குது.

மடியில வெச்சிருக்கறது லேப்டாப்புங்களா? நெட்டு வரலையாட்ட இருக்குது. அந்த மூலையில இருக்கற விசிறி மாதிரிப் படத்தைத் தட்டித் தட்டிப் பாக்கறீங்களே, அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். பஸ்ஸுல எங்கீங்க வரும்? வீட்டுலயே வராது. ஓ, போன்ல இருந்து எடுக்கறீங்களா? எடுங்க எடுங்க. அந்தக் கூத்தெல்லாம் நான் பாத்து முடிச்சாச்சு. அதைப் பாத்ததுல இருந்துதான் என்ற புள்ள என்கூடப் பேசறதில்லை.

ஆமாங்க, ஒரே புள்ள. கோகிலவாணின்னு பேரு, நான் அம்மிணின்னுதான் கூப்பிடுவேன். இப்ப அவ வீட்டுக்குத்தான் போறேன். நாளைக்கு என் மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை பேசுவாளா, இல்லை வெடுக்குனு உள்ள போயிருவாளான்னு தெரியலை. எதுக்குக் கோவம்னும் தெரியலை. நீங்க படிச்ச பையனாட்டம் இருக்கறீங்க. முழுசாக் கேட்டுட்டு ஞாயம் யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

என்ற பேரு நாச்சிமுத்து. கவுந்தப்பாடிப் பக்கம். கரண்டு ஆபீசுல ஃபோர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவன். லைன்மேனாச் சேந்து, கம்பம் ஏறி ஏறித்தான் அந்த நாற்காலிக்கு வந்தேன். அதனால சொல்றேன், கரண்டுன்னா கம்பி வேணும். தொட்டா அடிக்கோணும். அடிச்சாத்தான் அது நெசம். இவங்க என்னடான்னா காத்துல வருதுங்கறாங்க, செவுத்துக்குள்ள பூந்து வருதுங்கறாங்க. எங்க, கண்ணுல காட்டுங்கன்னா ஒருத்தனும் காட்ட மாட்டேங்கறான். பேயைப் பாத்தேன்னு சொல்றவனாவது ஒரு புளியமரத்தைக் காட்டுவானுங்க.

என்ற மாப்பிள்ளைக்கு இந்தக் காத்துலதான் உத்தியோகம். நெட்வொர்க் இன்ஜினியராம். மௌலீஸ்வரன்னு பேரு. பேருல இருக்கற ஈஸ்வரன் ஆளுகிட்ட இல்லைங்க, அவ்வளவுதான் சொல்வேன். பெங்களூருல ஒரு கம்பெனியில இருந்தாரு. ஆளைக் கொறைக்கறோம்னு இவரைக் கொறச்சுட்டாங்க. ஆளைக் கொறைக்கறவன் ஆகாததைத்தானுங்களே மொதல்ல கொறைப்பான்? நான் இதை அம்மிணிகிட்டச் சொன்னேன். அவ ரெண்டு நாளைக்கு எனக்குக் காப்பி போடலை.

வாடகை குடுத்து அங்க இருக்கறது கட்டுப்படியாகலைன்னு ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. எங்க வீட்டுக்காரி தவறிப் பல வருஷமாச்சு, வீட்டுல நான் ஒண்டிக்கட்டைதான். அம்மிணிக்கு அங்கயே சொசைட்டியில ஒரு வேலை கெடச்சுது, காலையில வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிருவா. வீட்டுல நானும் மாப்பிள்ளையும். அவரு சக்கரம் வெச்ச நாற்காலி ஒண்ணு கொண்டாந்திருந்தாரு. பல் வெளக்குன ஒடனே அதுல ஏறி உக்காந்தாருன்னா பொழுது சாயற வரைக்கும் அதுலதான். தண்ணி குடிக்கறதுக்குக்கூட உருட்டிக்கிட்டே வருவாரு. காதுல ரெண்டு பஞ்சு மாதிரி எதையோ அடச்சுக்கிட்டு செவுத்தைப் பாத்து இங்கிலீசு பேசுவாரு. இன்டர்வியூவாம். மேல இஸ்திரி போட்ட சட்டை, கீழ கைலி. எங்க காலத்துல இன்டர்வியூன்னா செருப்பைக்கூட வெளியில கழட்டி வெச்சுட்டுப் போவோம்.

ஆனா ஒண்ணுங்க. 'வாங்க மாப்பிள்ளை, சாப்பிடுங்க மாப்பிள்ளை'ன்னுதான் பேசுவேன். மரியாதையில ஒரு பொட்டுக் கொறை வெச்சதில்லை. மனசுல நெனைக்கறது வேற, அதுக்கு யாரும் கணக்குக் கேக்க முடியாது.

அவரு வந்த கையோட வீட்டுக்கு நெட்டு போடோணும்னாரு. குமாரசாமின்னு ஒருத்தன் அங்க வீடு வீடா நெட்டு கனெக்‌ஷன் குடுக்கறவன். வந்து கூடத்துல செவுத்துல ஒரு டப்பாவை அடிச்சுட்டுப் போனான். நாலு கொம்பு வெச்ச டப்பா. போகறப்ப நீலக் கலர்ல ஒரு ஒயரையும் குடுத்துட்டுப் போனான். மாப்பிள்ளை அதைப் பாம்புக் குட்டியைச் சுருட்டற மாதிரி பதனமாச் சுருட்டி அலமாரி மேல வெச்சாரு. "ஒயர்லெஸ்ஸுன்னு சொல்றீங்க, அப்புறம் ஒயரு எதுக்குங்க மாப்பிள்ளை?"ன்னு கேட்டேன். "ஒரு அவசரத்துக்கு ஆகும் மாமா"ன்னாரு. அந்த அவசரம் எனக்குத்தானுங்க மொதல்ல வந்துது. ஆடிக் காத்துல கொல்லையில அவரைப் பந்தல் சாஞ்சு போச்சு. நல்ல உறுதியான ஒயரு, மழைக்கும் வெயிலுக்கும் நைஞ்சு போகாது. எடுத்து இழுத்துக் கட்டிட்டேன். சும்மா கெடந்த சாமான்தானே.

அப்படியே புரட்டாசி வந்துது. ஆயுத பூஜை. இதைக் கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க தம்பி, இப்ப இருக்கற ஆளுகளுக்கு இதோட அருமை தெரியாது. எங்க சப்ஸ்டேஷன்ல ஆயுத பூஜைன்னா பக்கத்து ஊருல இருந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போவாங்க. மத்த எடத்துல பெரிய மிஷினுக்கு ஒரு மாலையைப் போட்டுட்டு, நாலு பொட்டை வெச்சுட்டு, சுண்டலைத் தின்னுட்டுப் போயிருவாங்க. நான் அப்படி விட மாட்டேன். என்ற கணக்கு என்னன்னா, சுவிட்சுன்னு ஒண்ணு இருந்தா அதுக்குத் தனியாப் பொட்டு. ஏன்னா சுவிட்சுதானுங்க வாசக்கதவு. லட்சுமி வர்றதும் அதுல, எமன் வர்றதும் அதுல. பேனல்ல இருக்கற அத்தனை சுவிட்சுக்கும் என் கையால சந்தனம் கொழச்சு, கெட்டியா வெச்சு, நடுவுல குங்குமம். ஆபீசருகளே வந்து "நாச்சிமுத்து கை பட்டா அந்த வருஷம் ட்ரிப்பே ஆகாது"ன்னு சொல்வாங்க.

ரிட்டையர் ஆன பொறவும் வீட்டுல அதே முறைதான். மோட்டார் ஸ்டார்ட்டரு, மிக்ஸி, கிரைண்டரு, மொபெட்டு, டெஸ்டரு, கட்டிங் பிளேயரு, எல்லாத்தையும் கழுவித் தொடச்சு சாமி முன்னால அடுக்கிட்டு மாப்பிள்ளைகிட்டப் போனேன். "லேப்டாப்பைக் குடுங்க"ன்னேன்.

அவருக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "மாமா, புதன்கெழமை காலையில பத்து மணிக்கு எனக்கு இன்டர்வியூ இருக்குது. பெரிய கம்பெனி. இதுல கொஞ்சம் படிக்கோணும்"னாரு.

"சரசுவதி பூஜையன்னைக்கு யாராச்சும் படிப்பாங்களா மாப்பிள்ளை?"ன்னு கேட்டேன். அடுப்படியில இருந்து அம்மிணி "அப்பா, அது ரொம்ப முக்கியமான வேலைப்பா, கெடச்சா இங்க இருந்தே பாக்கலாம், நாங்க வேற ஊருக்குப் போகவே வேண்டாம்"னா. "அதுக்கோசரம்தான் சாமிகிட்ட வைக்கச் சொல்றேன்"னேன். மாப்பிள்ளை எடுத்துக் குடுத்துட்டாரு.

அது அவரு லேப்டாப்பு இல்லைங்க. அவருதைக் கம்பெனிக்காரன் வாங்கி வெச்சுக்கிட்டானாம். இது அம்மிணி காலேஜுல படிக்கறப்ப நான் வாங்கிக் குடுத்தது. பழைய மாடலு. செங்கல்லு கனம் இருக்கும். எத்தனை வருசத்து அழுக்குங்கறீங்க! ஈரத்துணியைப் போட்டு, சந்து பொந்தெல்லாம் துழாவித் தொடச்சேன். அப்புறம் பொட்டு வைக்க உக்காந்தேன். மத்தவனா இருந்தா மூடி மேல நாலு பொட்டை வெச்சுட்டு எந்திரிச்சிருப்பான். நான் மூடிக்கும் வெச்சேன். ஆனா சுவிட்சு எங்கடான்னு தேடுனேன். திருப்பித் திருப்பிப் பாக்கறேன். கடேசில புடிச்சேனுங்க! முன்னாடி விளிம்புல, நாம மணிக்கட்டை வைக்கற எடத்துக்குக் கீழ, நகக்கண்ணு அகலத்துக்கு ஒரு பொடிச் சுவிட்சு. இப்படியும் அப்படியும் நகருது. அந்த வீட்டுல இன்ஜினியரு கண்ணுக்குத் தட்டுப்படாதது இந்த ஃபோர்மேன் கண்ணுக்குத் தட்டுப்பட்டுது. குழிக்குள்ள நல்லா அமுக்கி, கெட்டியா ஒரு பொட்டு வெச்சேன். மனசு நெறஞ்சு போச்சு.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை போட்டு எடுக்கறதுதான் வழக்கம். ஆனா அது செவ்வாக்கெழமையாப் போச்சு. செவ்வாக்கெழமை சாமிகிட்ட இருந்து ஒரு பொருளை எடுத்து வெளிய குடுக்கலாமுங்களா? "புதன் காலையில நானே எடுத்துத் தர்றேன் மாப்பிள்ளை"ன்னு சொல்லிட்டேன். அவரு சாமி ரூமு வாசல்ல வந்து வந்து நின்னு பாத்துட்டுப் போனாரு, பசி எடுத்த பூனையாட்டம். நான் கண்டுக்கலை. புதன்கெழமை குளிச்சு, தீபம் காட்டி, மூடியில இருந்த பொட்டெல்லாம் ஈரத்துணியால தொடச்சுப் பளபளன்னு கையில குடுத்தேன். அப்ப மணி ஒம்பதரை. பத்து மணி வேலைக்கு அரை மணி நேரம் பத்தாதுங்களா?

பத்தலைங்க. தொறந்தாரு. சட்டையெல்லாம் போட்டு, தலையெல்லாம் சீவித்தான் உக்காந்திருந்தாரு. அந்த விசிறிப் படத்து மேல சிவப்பா ஒரு பெருக்கல் குறி. தட்டறாரு. திரும்பத் தட்டறாரு. "மாமா, நெட்டு வருதுங்களா?"ன்னாரு. என்ற போனைப் பாத்தேன், ஜோரா வருது. அவரு போன்லயும் வருது. இதுல மட்டும் இல்லை. "உங்க மிஷின்லதான் கோளாறு"ன்னேன். "ஆமா மாமா, ஒயர்லெஸ் ஆஃப்ல இருக்குதுன்னு காட்டுது"ன்னாரு. "ஆஃப்ல இருந்தா ஆன் பண்ணுங்க மாப்பிள்ளை, அதுக்குத்தானே படிச்சீங்க"ன்னேன். கேட்டது தப்புங்களா?

லேப்டாப்பை அணைச்சுப் போட்டாரு. அது எந்திரிக்கறதுக்குள்ள ஒரு ஆளு பல்லு வெளக்கிக் குளிச்சுட்டு வந்திரலாம். எந்திரிச்சுது, அதே பெருக்கல் குறி. அப்புறம் மேல் வரிசையில இருக்கற பட்டனையெல்லாம் ஒவ்வொண்ணா அமுக்குனாரு. வெளிச்சம் கூடுது, கொறையுது, சத்தம் கூடுது, கொறையுது. நெட்டு மட்டும் இல்லை. போன்ல இருந்து காத்துலயே அனுப்பறேன்னு எதையோ பண்ணுனாரு. அதையும் இது பாக்க மாட்டேங்குது. கண்ணைக் கட்டுன எருதாட்டம் உக்காந்திருக்குது. போனையும் லேப்டாப்பையும் ஒயரைப் போட்டு இணைச்சாரு. அந்த ஒயரு சார்ஜு ஏத்தறதுக்கு மட்டும்தான் ஆகுமாம், நெட்டு ஏறாதாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுன்னு சும்மாவா சொன்னாங்க?

நான் பின்னாடியே நின்னுக்கிட்டுச் சொல்றேன், "மாப்பிள்ளை, எங்க டிபார்ட்மெண்டுல மொதப் பாடமே இதுதான். பாதி கம்ப்ளைண்டு சுவிட்சு கம்ப்ளைண்டுதான். கம்பம் ஏறறதுக்கு முன்னால சுவிட்சைப் பாரு. சுவிட்சைப் பாருங்க மாப்பிள்ளை, சுவிட்சைப் பாருங்க"ன்னு. காது புளிக்க எத்தனை தடவை சொன்னேன் தெரியுங்களா! அவரு எந்திரிச்சுப் போய் செவுத்துல டப்பாவுக்குப் போற சுவிட்சை அணைச்சு அணைச்சுப் போட்டுப் பாத்தாரு. கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்யிக்கு அலையற ஆளு.

குமாரசாமிக்குப் போன் போட்டா, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ன்னான். இவங்க வைத்தியம் மொத்தமும் அவ்வளவுதானுங்க. தலைவலிக்கும் அதுதான், கால்வலிக்கும் அதுதான். லைன்மேன் ஒருத்தன் என்கிட்ட அப்படிச் சொல்லியிருந்தா அன்னைக்கே மெமோ குடுத்திருப்பேன்.

அப்பத்தான் மாப்பிள்ளைக்கு ஞாபகம் வந்து அலமாரி மேல கையை விட்டுத் துழாவறாரு. "மாமா, அந்த நீல ஒயரு?"

"அவரைப் பந்தல்ல இருக்குது மாப்பிள்ளை. இப்ப அவுக்க முடியாது, காய் புடிச்சிருக்குது"ன்னேன்.

என்னைப் பாத்தாருங்க. அப்படி ஒரு பார்வை. கோவமா இருந்தா எனக்கும் பதில் சொல்ல வந்திருக்கும். அது கோவமில்லை. என்னன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புடிபடலை. ஓடுனாரு கொல்லைக்கு. அவுத்துக்கிட்டு வந்தாரு. நான் கட்டறப்ப அளவுக்கு ரெண்டாக் கத்தரிச்சுத்தானே கட்டியிருந்தேன்? டப்பாவுல சொருகறதுக்கு முனையில இருக்கற அந்தக் கண்ணாடி முத்து ரெண்டும் குப்பைக்குப் போயாச்சு. மறுபடியும் வந்து உக்காந்தாரு. சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. பாவம் பாத்தா நெட்டு வருமுங்களா?

பத்து மணிக்குப் போன் வந்துது. "சார், ஒரு ஸ்மால் இஷ்யூ, ஃபைவ் மினிட்ஸ் சார்"னு கெஞ்சறாரு. போன்லயே பேசிக்கலாமேன்னு நான் சைகை காட்டுனேன். லேப்டாப்புல செஞ்சு காட்டற வேலையாம், போன்ல ஆகாதாம். திரும்பவும் போன். திரும்பவும் "சார், சார்." அப்புறம் அந்தப் பக்கம் இருக்கறவன் என்னமோ கேட்டிருப்பானாட்ட இருக்குது. மாப்பிள்ளை "யெஸ் சார், ஐ ஆம் எ நெட்வொர்க் இன்ஜினியர் சார்"னாரு. சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அதோட அவங்க போன் பண்ணலை.

இதுக்கெடையில அம்மிணிக்கும் கூப்பிட்டுச் சொல்லியிருக்காரு. அவ வண்டியைப் போட்டுட்டு ஓடியாந்தா. ஹெல்மெட்டைக்கூடக் கழட்டலை. "அந்தச் சுவிட்சைப் பாத்தீங்களா?"ன்னா. "நானும் அதைத்தானே காலையில இருந்து சொல்லிக்கிட்டிருக்கறேன்"னேன். அவ நேரா லேப்டாப்பைத் தூக்கி, முன்னாடி விளிம்பைக் கண்ணுகிட்டக் கொண்டு போனா. அப்படியே நின்னா. தாலிக்கொடியில கோத்திருந்த ஊக்கை எடுத்தா, சொரண்டுனா, சொரண்டுனா, ஒரு தள்ளுத் தள்ளுனா. டக்குனு நீலமா ஒரு லைட்டு எரிஞ்சுதுங்க! விசிறிப் படம் வந்துது, பெருக்கல் குறி போயிருச்சு.

ஊக்கு முனையைத் தொடச்ச வெரல் மஞ்சளா இருந்துது. காலையில மஞ்சப்பூசிக் குளிச்சிருப்பா. அந்த வெரலை நீட்டிக்கிட்டு என்னைப் பாத்தா. "அப்பா..."ன்னு ஆரம்பிச்சா. மாப்பிள்ளை சட்டுனு அவ கையைப் புடிச்சுக்கிட்டாரு. "நான்தான் மாமா சுவிட்சை ஆஃப் பண்ணி வெச்சுட்டு மறந்து போயிட்டேன். என்ற தப்புதான்"னாரு.

பாத்தீங்களா? நான் சொல்லலைங்க. அவரு வாயாலயே ஒத்துக்கிட்டாரு! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா? நெட்வொர்க் இன்ஜினியரு, ஒயர்லெஸ் சுவிட்சு போட மறந்துட்டாரு. அந்த வேலை போச்சு. அவங்களுக்கு எழுதிப் பாத்தாரு, வேற ஆளை எடுத்தாச்சுன்னுட்டாங்க. எடுக்காம என்ன பண்ணுவாங்க? கரண்டு ஆபீசுல சுவிட்சு எதுன்னு தெரியாதவனை நான் ஏணியைப் புடிக்கக்கூட விட மாட்டேன்.

சரி, அதோட முடிஞ்சிருக்கோணும். தை மாசம் கோபியில எங்க பங்காளி வீட்டுக் கல்யாணம். பெரிய மண்டபம். மூணு பேரும் போயிருந்தோம். பந்தியில உக்காந்திருக்கறோம். எதிர்ப் பந்தியில இருந்து எங்க மச்சான் ஒருத்தரு, "ஏப்பா நாச்சிமுத்து, மாப்பிள்ளைக்கு வேலை ஒண்ணும் ஆகலையா?"ன்னு சத்தமாக் கேட்டாரு. கேட்டா சொல்லாம இருக்க முடியுங்களா? சொன்னேன். ஆதியோட அந்தமாச் சொன்னேன். அவரு பட்டன் அமுக்குனது, செவுத்துச் சுவிட்சைப் போட்டு அணைச்சது, கொல்லைக்கு ஓடுனது, எல்லாம் அப்படியே செஞ்சு காட்டுனேன். பந்தியே சிரிச்சுது தம்பி. பரிமாறறவன் சாம்பார் வாளியைக் கீழ வெச்சுட்டுச் சிரிச்சான். "அப்ப சுவிட்ச் மாப்பிள்ளைன்னு சொல்லு"ன்னு மச்சான் ஒரு பேரு வெச்சாரு. அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. நானா வெச்சேன்?

மாப்பிள்ளை சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. ரசத்துக்குக் குழி பண்ணி ஊத்திக்கிட்டாரு. சிரிக்கறவருக்கு வருத்தம் இருக்குமுங்களா? அம்மிணிதான் எலையில கையே வைக்காம, பாயசமெல்லாம் அப்படியே கெடக்க, எலையை மூடி வெச்சுட்டு எந்திரிச்சுட்டா. நல்ல காரியம் நடக்கற எடத்துல சோத்து எலையைத் தொடாம மூடலாமா? அவளைப் பெத்தவ இருந்திருந்தா கன்னத்துல ரெண்டு வெச்சிருப்பா.

அந்த மாசமே கெளம்பிட்டாங்க. ஓசூருல ஏதோ ஒரு ஃபேக்டரியில ஷிப்டு வேலை, பழைய சம்பளத்துல பாதி. போறப்ப அவரு என் கால்ல விழுந்து கும்புட்டாரு. அவ கேட்டுகிட்ட நின்னுக்கிட்டுத் தெருவையே பாத்துக்கிட்டு இருந்தா. அதுக்கப்புறம் வரலை. ஆடிப் பதினெட்டுக்கும் இல்லை, மாரியம்மன் நோம்பிக்கும் இல்லை. ஞாயித்துக்கெழமையானா மாப்பிள்ளைதான் போன் பண்ணுவாரு. அம்மிணி எங்கீங்கன்னு கேட்டா, குளிக்கறா மாமா, தூங்கறா மாமா, கடைக்குப் போயிருக்கா மாமா. ஒரு பொம்பளை எப்பப் பாத்தாலுமா குளிச்சுக்கிட்டே இருப்பா? எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கறாரு. வீடு வெறிச்சுனு கெடக்குது தம்பி. அந்தக் கொம்பு வெச்ச டப்பா மட்டும் கூடத்துல பச்சையா மினுக்கிக்கிட்டே இருக்குது. எடுத்துட்டுப் போறேன்னு குமாரசாமி கேட்டான். இருந்துட்டுப் போகட்டும்டான்னு சொல்லிட்டேன். அவங்க வந்தா வேணுமுல்ல?

போன வாரம் மாப்பிள்ளை போன்ல, "மாமா, ஆயுத பூஜைக்கு நீங்க இங்க வந்திருங்க. உங்க கையாலதான் எல்லாத்துக்கும் பொட்டு வைக்கோணும்"னாரு. "அம்மிணி கூப்பிடச் சொன்னாளா?"ன்னேன். "நீங்க வாங்க மாமா"ன்னாரு. அதான் கெளம்பிட்டேன். பாருங்க, இந்தப் பொட்டலம் முழுக்க நல்ல சந்தனம், கடையில விக்கற மாவு இல்லை. அங்க புதுசா லேப்டாப்பு வாங்கியிருக்காராம், அதுக்கும் வைக்கோணும். எங்க, உங்களுதைக் குடுங்க, முன்னாடி விளிம்புல எப்படி அமுக்கி வைக்கறதுன்னு காட்டறேன். ஏனுங்க, மூடிப் பைக்குள்ள வெச்சுட்டீங்க?

என்னங்க? எந்தச் சுவிட்சுன்னா? அம்மிணி ஊக்குல சொரண்டுனதுங்களா? அதான் சொன்னேனே, முன்னாடி விளிம்புல இருக்கறது. நான் பொட்டு வெச்சதா? அதுவும் முன்னாடி விளிம்புலதான். குழிக்குள்ள, நகரும்னு சொன்னேனே, அது. ஏன் தம்பி, ஒரு லேப்டாப்புல அந்த மாதிரிச் சுவிட்சு எத்தனை இருக்கும்?

ஒண்ணுதானுங்களா?

இல்லைங்க, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பழைய மாடலு. அதுல ரெண்டு இருந்திருக்கும்.

இது என்ன ஊருங்க, தொப்பூருங்களா? மலை தெரியுதே.

நல்ல சந்தனம் காஞ்சுதுன்னா கல்லாட்டம் ஆயிருமுங்க. சப்ஸ்டேஷன்ல மறுநாள் காலையில நானே உக்காந்து ஒவ்வொண்ணாச் சொரண்டி எடுப்பேன். ஒரு சுவிட்சு விட மாட்டேன். சுவிட்சு எறுகிக்கும்னு தெரியுமுல்ல? அன்னைக்கு மூடியை மட்டுந்தானுங்க தொடச்சேன்.

மஞ்சப்பூசிக் குளிக்கறவ இல்லைங்க என்ற புள்ள. அவங்கம்மா சொல்லிச் சொல்லிப் பாத்தா, கேட்டதில்லை.

அந்தப் பந்தியில முந்நூறு பேரு இருந்தாங்க தம்பி.

ஏனுங்க, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? 'மாமா, இது உங்க பொட்டு'ன்னு சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? சொல்ல வந்தவ கையையும் புடிச்சுக்கிட்டாரே. என்ற தப்புதான்னாரே. பந்தியில எல்லாரும் சிரிக்கறப்ப இவரும் சிரிச்சுக்கிட்டு ரசத்தை ஊத்திக்கறாருங்களே. சூடு சொரணை இருக்கற ஆளு அப்படிப் பண்ணுவானுங்களா? எலையைத் தூக்கி என் மூஞ்சியில வீசியிருக்க வேண்டாமா? என்ன ஆளுங்க அவரு. இப்பக் கூப்பிட்டு, உங்க கையாலதான் பொட்டு வைக்கோணும்ங்கறாரு. என்ன மனுஷனுங்க அவரு.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்குத் தண்ணி வேண்டாம், நீங்க குடிங்க.

ஓசூரு எத்தனை மணிக்குங்க போகும்? மெதுவாப் போனாலும் பரவால்லை.

இந்தாங்க தம்பி, இந்தச் சந்தனப் பொட்டலத்தை நீங்க வெச்சுக்கங்க. புடிங்கன்னா. வீட்டுல வாசக்காலுக்கு வைங்க, வண்டிக்கு வைங்க. லேப்டாப்புக்கு மட்டும் வைக்காதீங்க. நான் பொரியும் குங்குமமும் கொண்டு போனாப் போதும்.